பை சுமந்தவன் பந்தடித்தான்!

கூட்டம் முடிந்து மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. திருவாதவூர்த் தோழர்கள் நம்மைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றனர். மேலூர் வட்டத்தில், வயலும் கண்மாயும் பாறைக் குன்றும் சூழ்ந்த ஊர் அது. கபிலர் பிறந்த ஊர் என்பர் புலவர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பர் பக்தர். உழைப்பாளிகள் வாழும் ஊர் என்போம் நாம்.

பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்திருந்தார் ஒரு தோழர். கல்லுடைக்கும் தொழிலாளி. உள்ளங்கை முழுதும் காய்ப்பு. நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தை நம் முன் விரித்துப் போட்டார். கோல்ப் ஆட்டக்காரர் ஒருவர் கோப்பையோடு நிற்கும் படம்.

“ஏண்ணே, இதப் பாருங்க. ஒரு பந்தக் கம்பால தட்டிக் குழியில போட்டதுக்குக் கோடிக்கணக்குல பணமாம்ல! நாங்க விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் கல்லு உடைக்கிறோம். எங்களுக்குக் கோடி வேணாம்ணே, கூலி ஒழுங்கா வந்தாப் போதும். இது சீமான் வீட்டுப் பிள்ளைக ஆடுற ஆட்டம். இதப் போயி நம்ம ஏட்டுல எதுக்குண்ணே எழுதணும்?”

கேள்வி நியாயமானது. கேட்டவரின் கையைப் பார்த்தோம். கேள்வியின் நியாயம் இன்னும் நன்றாகப் புரிந்தது. ஆனாலும், “எழுதத்தான் வேண்டும் தம்பி; கட்டாயம் எழுதுவோம்” என்று சொல்லிவிட்டு வந்தோம். இதோ எழுதுகிறோம்.

பிரம்பு எங்கே விழுந்தது?

அந்த ஊரில் வழங்கும் கதையிலிருந்தே தொடங்குவோம். வாதவூரர் பாண்டியனுக்கு அமைச்சர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்று அரசன் அவரைத் தண்டிக்க, வையையில் வெள்ளம் புரண்டதாம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்கவேண்டும் என்று ஆணை. பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கு ஆளில்லை. கூலியாளாகச் சிவனே வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று மண் சுமந்தாராம். வேலை சரியில்லையென்று பாண்டியன் பிரம்பால் அடித்தானாம். அந்த அடி அடித்தவன் முதுகிலும் விழுந்தது, அரசி முதுகிலும் விழுந்தது, ஊரார் அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது என்று முடிகிறது கதை. ஆண்டுதோறும் ஆவணியில் மதுரையில் அதற்கொரு திருவிழாவும் நடக்கிறது.

இந்தக் கதையை நம்புங்கள் என்று நாம் சொல்லமாட்டோம் என்பது தோழர்களுக்குத் தெரியும். ஆனால் கதை கட்டியவனுக்கும் ஓர் உண்மை தெரிந்திருந்தது. கடவுளே வந்தாலும் கூலியாளாக வந்தால் பிரம்படிதான்! அந்த அளவுக்கு அவன் உலகத்தைப் பார்த்திருக்கிறான். ஆனால் கூலிக்காரன் மேல் விழுந்த அடி கோமான் முதுகிலும் விழுந்தது என்கிறானே, அந்தக் காட்சியை நாட்டில் எங்கேனும் கண்டதுண்டா? குவாரியில் கல் சரிந்தால் முதலாளியின் மாளிகையிலா இரத்தம் சிந்துகிறது? சுமப்பவன் முதுகு வேறு, சுமத்துபவன் முதுகு வேறு என்பதல்லவா நம் நாட்டு நடைமுறை!

நாம் இன்று சொல்ல வந்தது பிட்டுக்கு மண் சுமந்தவன் கதையன்று. பிழைப்புக்குப் பை சுமந்தவர்களின் கதை. புராணமன்று, வரலாறு. அந்த வரலாற்றில் ஒரேயோர் இடத்தில், சுமந்தவனிடம் தவறிப்போய்க் கோலைக் கொடுத்துவிட்டார்கள். என்ன நடந்தது என்பதைப் பாருங்கள்.

என்ன ஆட்டம் இது?

ஆட்டம் எளிது. திடலில் 18 குழிகள். ஒவ்வொரு குழியும் நாலேகால் அங்குல அகலம். கைக்கடக்கமான ஒரு செம்பின் வாயளவு. பந்தின் எடை 46 கிராமுக்கு மேல் போகக்கூடாது. நூற்றுக்கணக்கான கெஜத்துக்கு அப்பாலிருந்து அந்தப் பந்தை அடித்து, தள்ளி, உருட்டிக் குழிக்குள் சேர்க்கவேண்டும். குறைந்த அடியில் முடிப்பவன் வென்றவன். பெரும்பாலான திடல்களில் 18 குழிகளுக்கும் சேர்த்து 72 அடி என்பது அளவு. அதற்கு ஓர் அடி குறைந்தால் பாராட்டு. ஓர் அடி கூடினால் பின்னடைவு.

ஆட்டம் எளிது, அதற்கு வேண்டிய இடமோ பெரிது. முழுத் திடல் ஒன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். அந்நிலம் முழுதும் புல். அந்தப் புல்லுக்கு நாள் தவறாமல் நீர். நம் கண்மாய்க்கரை உழவன் ஒரு மடை நீருக்கு நடையாய் நடப்பதை எண்ணிப் பார்க்கும்போது, அந்தப் பச்சை நம் கண்ணைக் குளிர்விப்பதில்லை, உறுத்துகிறது.

ஓர் ஆட்டக்காரன் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். நெடுந்தொலைவுக்கு ஒன்று, மணலிலிருந்து எடுக்க ஒன்று, குழிக்கருகில் உருட்ட ஒன்று. அத்தனையையும் ஒரு பையில் போட்டு, ஆறேழு கிலோமீட்டர் தூரம் சுமந்துகொண்டு பின்னாலேயே நடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர்.

கேடி! நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லவும் வேண்டுமோ? போலீஸ் ஏட்டில் பெயர் ஏறியவன் என்று பொருள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமையை 1947 வரை சுமந்த மதுரைச் சீமைக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும். இரண்டு சொல்லும் வேறு வேறு வழியில் வந்தவைதாம். ஆனால் பாருங்கள் பொருத்தத்தை! ஊருக்குள் உழைப்பாளி மகனுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் கேடி. திடலுக்குள் உழைப்பாளி மகனுக்கு அவன் வைத்த பெயரும் கேடி!

வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து மலையேறினான். கோலும் கூடவே ஏறியது. கொடைக்கானலில் 1895-இலேயே கோல்ப் சங்கம் அமைந்துவிட்டது. பந்தை அடித்தவர்கள் துரைமார்கள். பையைச் சுமந்த தோள் எந்த நாட்டுத் தோள் என்பதை நாம் சொல்லித்தானா தெரியவேண்டும்?

புல் வெட்டியவரின் பிள்ளை

இனிக் கல்கத்தாவுக்கு வாருங்கள். அங்கே ராயல் கல்கத்தா கோல்ப் சங்கம் இருக்கிறது. தோன்றிய ஆண்டு 1829. சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 28 ஆண்டுகள் முன்பு! பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மூத்த கோல்ப் சங்கம் இதுதான். கும்பினிக்காரன் காலத்தில் முளைத்து, துரைமார்கள் போனபின் மேட்டுக்குடியினரின் மடியில் வளர்ந்த சங்கம்.

அந்தத் திடலின் புல்லைப் பேணும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1978-இல் பிறந்தவர் சிவசங்கர் பிரசாத் சௌராசியா. தந்தைக்குத் திடல் வேலையிடம். மகனுக்கு அதுவே பள்ளிக்கூடம். பத்து வயதளவில் கோலைத் தொட்டார். சம்பளம் கொடுத்து ஆசான் வைக்க வீட்டில் வசதி ஏது? பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தார். அவர்கள் கை எப்படி வளைகிறது, கால் எங்கே நிற்கிறது, பந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். பையும் சுமந்தார், பார்த்ததைத் தனியே செய்தும் பார்த்தார். கற்றுக்கொடுக்க ஆளில்லாமலே கற்றுக்கொண்டார்.

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். தந்தை வெட்டிச் சீர்செய்த புல். அதன்மேல் மகன் உருட்டிய பந்து. அந்தப் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே மேடு, எங்கே பள்ளம், காலைப் பனியில் பந்து எவ்வளவு மெல்ல ஓடும் என்பதெல்லாம் காசு கட்டிக் கற்கும் பாடமா? அது வீட்டுச் சோற்றோடு கலந்து வந்த பாடம். அதனால்தான் குழிக்கருகில் பந்தைத் தூக்கிப் போடுவதிலும் மெல்ல உருட்டுவதிலும் சௌராசியாவுக்கு நிகர் அரிது என்று ஆட்ட உலகம் பின்னாளில் வியந்தது. அந்த இரண்டு அடிக்கும் ஆங்கிலத்தில் ‘சிப்’ என்றும் ‘பட்’ என்றும் பெயர். அதை வைத்தே அவரைச் ‘சிப்பட்சியா’ என்று செல்லமாக அழைத்தார்கள். நெட்டை உருவமில்லை, நெடுந்தொலைவு அடிக்கும் புயமும் இல்லை. குழியை நெருங்கியபின் கை தவறாது. அதுதான் அவர் முதல்.

கூலி நிச்சயமில்லாத தொழில்

1997-இல், 19 வயதில், சௌராசியா தொழில்முறை ஆட்டக்காரரானார். தொழில்முறை என்றால் மாதம் பிறந்தால் சம்பளம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் கட்டடத் தொழிலாளிக்காவது மாலையில் கூலி கைக்கு வரும். இந்தத் தொழிலின் கணக்கைக் கேளுங்கள்.

பெரிய போட்டி நான்கு நாள் நடக்கும். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு மேலே நிற்பவர்கள் மட்டும் அடுத்த இரண்டு நாள் ஆடலாம். ஏறத்தாழப் பாதிப் பேர் கோட்டுக்குக் கீழே. அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காசும் கிடையாது! வந்த இரயில் செலவு, தங்கிய அறைச் செலவு, பை சுமந்தவனுக்குக் கொடுத்த கூலி எல்லாம் சொந்தக் கையிலிருந்து போகும். இரண்டு நாள் வேலை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பும் தொழில் வேறு உண்டா? சீமான் மகன் தோற்றால் தந்தையின் பணப்பெட்டி இருக்கிறது. புல் வெட்டியவர் மகன் தோற்றால்? அவனுடைய ஒவ்வோர் அடியும் அடுப்பில் ஏறும் உலைமேல் விழும் அடி. அந்த நடுக்கத்தோடுதான் அந்த இளைஞர் பதினோர் ஆண்டுகள் ஆடினார்.

உள்நாட்டுப் போட்டிகளில் பலமுறை வென்றார். நாட்டின் தலைமைப் போட்டியான இந்திய ஓப்பனில் 1999-இலேயே இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார், வயது 21. 2006-இல் மறுபடியும் இரண்டாம் இடம். வாசல்வரை வந்தவரை, “வாசலோடு நில்” என்று விதி சொல்வதாக ஊர் பேசியிருக்கும். விதியை நம்புபவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். சௌராசியா உட்காரவில்லை.

டில்லியில் ஒரு ஞாயிறு

2008 பிப்ரவரி. ஐரோப்பியச் சுற்றின் போட்டி ஒன்று முதன்முறையாக இந்திய மண்ணில் நடந்தது. இந்தியன் மாஸ்டர்ஸ் என்று பெயர். இடம் டில்லி கோல்ப் சங்கத் திடல். பரிசுத் தொகை மொத்தம் 25 லட்சம் டாலர். வந்தவர்களோ உலகப் புகழ் பெற்றவர்கள். தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் வந்தார். ஐரோப்பாவின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வந்தார்கள். யார் வெல்வார் என்று ஊகம் சொன்னவர்களின் பட்டியலில் சௌராசியாவின் பெயர் எங்கே இருந்திருக்கும் என்று நாம் சொல்லவேண்டுமா? உலக வரிசையில் முந்நூறுக்கும் அப்பால் இருந்த மனிதர் அவர்.

நான்காம் நாள் ஆட்டம். டில்லித் திடல் ஒடுக்கமானது, இருபுறமும் புதர். நெட்டையடி அடிப்பவனின் பந்து புதருக்குள் புகுந்தால் போயிற்று. அளந்து அடிப்பவனுக்கே அங்கே வாழ்வு. புல்லறிந்தவரின் பிள்ளை அளந்து அடித்தார். மாலையில் கணக்கெடுத்தபோது, அயர்லாந்தின் டேமியன் மெக்ரேன் இரண்டு அடி பின்தங்கி இரண்டாம் இடத்தில் நின்றார். முதலிடத்தில், அளவுக்கு ஒன்பது அடி குறைவாக முடித்து நின்றவர் சிவசங்கர் பிரசாத் சௌராசியா!

பரிசு 4 லட்சம் டாலருக்கும் மேல். ஐரோப்பியச் சுற்றில் வென்ற மூன்றாவது இந்தியர் என்ற பெயரும் சேர்ந்தது. தந்தை புல் வெட்டிய திடல்களில் தாமும் ஆடிப் பழகிய சீமான்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்குக் கனவிலும் எட்டாத கோப்பை, அந்தத் தொழிலாளியின் மகன் கையில்!

ஒருமுறை வென்றது ஏதோ தற்செயல் என்று சொல்ல நாக்கு நீண்டிருக்கும். 2011-இல் அவாந்தா மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்று அந்த நாக்கை மடக்கினார். இந்திய ஓப்பன் மட்டும் பிடிகொடுக்காமல் போக்குக் காட்டியது. 2013-இலும் 2015-இலும் மறுபடி இரண்டாம் இடம். 2016-இல் அதே டில்லித் திடலில் அதையும் பிடித்தார். 2017-இல் ஏழு அடி முன்னணியில் மீண்டும் பிடித்தார். 112 ஆண்டுகளுக்குப் பின் கோல்ப் ஆட்டம் திரும்ப இடம்பெற்ற 2016 ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 2017-இல் அர்ஜுனா விருதும் வந்தது.

ஒருவர் மட்டுந்தானா?

“ஏதோ ஒருவர் வந்துவிட்டார், விதிவிலக்கு” என்பார்கள் மேதாவிகள். விதிவிலக்கா? எண்ணிப் பாருங்கள்.

இந்திய ஓப்பன் தொடங்கியது 1964. ஆண்டுதோறும் வெளிநாட்டார் வந்தார்கள், வென்றார்கள், கோப்பையோடு விமானம் ஏறினார்கள். இடையில் 1965-இல் பி.ஜி. சேத்தி வென்றார், அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். தொழில்முறை இந்தியர் ஒருவர் வெல்ல 1991 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த ஆண்டு வென்றவர் அலி ஷேர். யார் அவர்? டில்லித் திடலில் பை சுமந்தவர்! 1993-இல் மறுபடியும் வென்றார்.

2009-இல் அதே கோப்பையை வென்றவர் பெங்களூர் முனியப்பா. தென்கொரிய வீரரோடு சமமாக நின்று, கூடுதல் குழி ஆட்டத்தில் வென்றார். அவரும் பை சுமந்தவர். 2013-இல் வென்றவர் வங்காளதேசத்தின் சித்திகுர் ரகுமான். சிறுவயதில் டாக்கா திடலில் பந்து பொறுக்கியவர். ஆசியச் சுற்றில் தம் நாட்டுக்கு முதல் வெற்றியை 2010-இல் தேடித் தந்தவரும் அவரே.

பை சுமந்தவர், பந்து பொறுக்கியவர், புல் வெட்டியவரின் பிள்ளை! வாசல் ஒரு விரற்கடை திறந்தபோதெல்லாம் உள்ளே நுழைந்து வென்றிருக்கிறார்கள். அப்படியானால், திறக்காத வாசலுக்கு வெளியே எத்தனை பேர் தோளில் பையோடு கிழவராகிச் செத்திருப்பார்கள்? அந்தக் கணக்கை யார் எழுதுவது?

மழையில் நின்ற இன்னொரு சிவசங்கர்

இன்னொரு சிவசங்கரும் இருந்தார். கடல் கடந்த டர்பனில், 1928-இல் பிறந்தவர். வெள்ளைக்காரன் ஏட்டில் அவர் பெயர் சீவ்சங்கர் சீவ்கோலம் என்று சிதைந்தது; ஊர் அழைத்த பெயர் பப்வா. 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனுக்குப் போனதே, அந்தக் கூலிகளின் சமுதாயத்தில் பிறந்தவர். பள்ளி வாசலை அதிகம் மிதிக்காதவர். பை சுமந்து வளர்ந்தவர்.

வலக்கை ஆட்டக்காரர்கள் கோலைப் பிடிக்கும்போது இடக்கை மேலே இருக்கும், வலக்கை கீழே இருக்கும். பப்வா தலைகீழாகப் பிடித்தார். யாரும் சொல்லித்தரவில்லை, அவராகப் பிடித்தார், அதுவே நிலைத்தது. வெள்ளையர் சிரித்தனர். 1959-இல் ஐரோப்பா சென்று டச்சு ஓப்பனை வென்றார், சிரிப்பு நின்றது. 1960-இலும் 1964-இலும் மறுபடி வென்றார்.

சொந்த நாட்டில்? 1963-இல் டர்பனில் நேட்டால் ஓப்பன் போட்டி. வெள்ளையர் கூட்டத்தின் நடுவே ஆடி வென்றார் பப்வா. வென்றவருக்குப் பரிசு தரவேண்டும். ஆனால் சங்கக் கட்டடத்துக்குள் நிறம் கறுத்தவன் நுழையக்கூடாது என்பது நாட்டு விதி. மழை கொட்டியது. வெள்ளையர் உள்ளே கூரையின்கீழ் நின்றனர். வென்றவர் வெளியே மழையில் நனைந்தபடி கோப்பையை வாங்கினார்! அந்தப் படம் உலகெங்கும் பரவியது. நிறவெறியின் முகத்தை அது ஊரறியக் காட்டியது. 1965-இல், உலகின் முதல் வரிசை ஆட்டக்காரரான கேரி பிளேயர் கலந்துகொண்ட அதே நேட்டால் போட்டியில் அவரையும் தோற்கடித்தார். அடுத்த ஆண்டே வெள்ளையரோடு ஆட அவருக்குத் தடை வந்தது. வெல்ல முடியாதவனை விலக்குவதுதானே ஆதிக்கத்தின் கடைசி ஆயுதம்! 1978-இல், ஐம்பதும் நிரம்பாமல், அந்த வீரர் கண்மூடினார்.

2005-இல் கிறிஸ்டபர் நிக்கல்சன் என்ற தென்னாப்பிரிக்க நீதிபதி அவர் வரலாற்றை நூலாக எழுதினார். நூலின் தலைப்பிலேயே ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கிறது. அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து போயிற்று தெரியுமா? தமிழிலிருந்து! பறை முழக்கிய மக்களின் பெயரை எடுத்துக்கொண்டுபோய், உலகத்துக்கே தீண்டாமையைக் குறிக்கும் சொல்லாக ஆக்கிக்கொண்டது ஆங்கிலம். தமிழ் உலகுக்குத் தந்த சொற்களைப் பெருமையோடு அடுக்குகிறோம். இந்தச் சொல்லையும் அந்தப் பட்டியலில் வைத்துப் பார்த்துத் தலைகுனிய வேண்டாமா?

உலகத்துக்குச் சுதந்திரம் கற்பிக்கும் அமெரிக்காவும் இதில் உத்தமனல்ல. அங்கே தொழில்முறைக் கோல்ப் சங்கத்தின் விதியிலேயே வெள்ளையர் மட்டும் என்ற வாசகம் இருந்தது. 1961-இல்தான் அதை நீக்கினார்கள். அகஸ்டாவில் நடக்கும் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியில் கறுப்பர் ஒருவர் முதன்முதலாக ஆடியது 1975-இல். அவர் லீ எல்டர். அதற்கு முன்பெல்லாம் அங்கே கறுப்பர் நுழையவே இல்லையா? நுழைந்தார்கள், தோழர்களே, ஆண்டு தவறாமல் நுழைந்தார்கள், தோளில் பையோடு! 

தகுதி எங்கே குடியிருக்கிறது?

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். இதை நம் ஏட்டில் எதற்காக எழுதுகிறோம்?

நம் இயக்கம் பிறந்த நாளிலிருந்து நம் முகத்தில் வீசப்படும் ஒரு சொல் உண்டு. தகுதி! திறமை! நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் வகுப்புவாரி ஆணை பிறப்பித்தபோது, “தகுதி போயிற்று” என்று அழுதார்கள். பின்னாளில் வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் வீழ்ந்து, தமிழ்நாடு கொதித்தெழுந்து, 1951-இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டபோதும், “திறமை செத்தது” என்று ஒப்பாரி வைத்தார்கள். இன்றும் அதே பல்லவி.

அவர்களை இந்தப் புல்வெளிக்கு அழைத்து வந்து கேட்கிறோம். பந்துக்குச் சாதி தெரியுமா? குழிக்குக் குலம் தெரியுமா? இங்கே சிபாரிசுக் கடிதத்துக்கு இடமில்லை. நேர்முகத் தேர்வில் அப்பன் பெயர் கேட்பவனும் இல்லை. எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையில் புல் வெட்டியவரின் மகன் முதலாவதாக வந்தார். ஆகத் திறமை எப்போதும் இருந்தது. தந்தையின் தோளிலும் இருந்தது. பாட்டனின் தோளிலும் இருந்தது. இல்லாதது திறமையன்று, தோழர்களே, திறந்த வாசல்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். பை சுமப்பது இழிவு என்று நாம் சொல்லவில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் ஆடி நான்காம் இடம் பெற்றார். மயிரிழையில் பதக்கம் தவறியது. அந்த நான்கு நாளும் அவருடைய பையைச் சுமந்தவர் யார்? பெற்ற தாய்! அன்பு சுமக்கச் சொன்னால் அது பெருமை. உரிய கூலி தந்து, மதிப்பும் தந்தால் அது தொழில். “நீ சுமக்கப் பிறந்தவன், அடிக்கப் பிறந்தவன் நான்” என்று சொன்னால்தான் அது வருணாசிரமம். நாம் எதிர்ப்பது பையை அல்ல. அந்தப் பிறவிக் கணக்கை.

நம் வீட்டு மழை

டர்பன் மழையில் நனைந்தவருக்காகக் கண்ணீர் விடுவது எளிது. தூரத்து மழை நம் சட்டையை நனைப்பதில்லை. நம் வீட்டு மழைக்கு என்ன சொல்லப்போகிறோம்?

திருவாதவூர் இருக்கும் அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1997-இல் அங்கே மக்கள் வாக்கால் ஊராட்சித் தலைவரான முருகேசன், தாழ்த்தப்பட்டவர் அந்த நாற்காலியில் அமர்வதா என்ற வெறிக்கு இரையாகி, தோழர்களோடு வெட்டிச் சாய்க்கப்பட்டார். பப்வாவுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள், கூரையைக் கொடுக்கவில்லை. முருகேசனுக்குப் பதவியைக் கொடுத்தது சட்டம். உயிரைப் பறித்தது சாதி. எந்த நாடு கொடிய நாடு? விடை சொல்ல நம் நாக்கு தழுதழுக்கிறது.

பெரியார் மண் என்கிறோம், சரிதான். ஆனால் அந்த மண்ணில் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்கள் யார்? ஆரியர் வந்து வைக்கவில்லை. கழகக் கொடி பறந்த தெருக்களிலும் அந்தக் குவளை இருந்ததுண்டு. வேற்றாரை நோக்கி ஒரு விரல் நீட்டும்போது, மடங்கிய மூன்று விரல் நம்மை நோக்குகின்றன என்பதைத் தொண்டன் மறக்கலாகாது. ஊர்ப் பொதுத்திடலில் கபடி ஆடப் போகும் பையனை “எந்தத் தெரு?” என்று கேட்கும் வாய் நம் கிளையில் ஒன்று இருந்தாலும், சௌராசியாவைப் பாராட்ட நமக்குத் தகுதியில்லை.

ஆகவே கடமை தெளிவானது. ஊருக்கு ஒரு திடல் வேண்டும். அந்தத் திடலில் எல்லாத் தெருப் பிள்ளைக்கும் இடம் வேண்டும். பொதுநிலத்தைக் குத்தகைக்கு வாங்கி வேலி போட்டுக்கொண்ட மேட்டுக்குடிச் சங்கங்கள், தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மணி நேரமாவது கதவைத் திறக்கவேண்டும். பை சுமப்பவருக்கும் புல் வெட்டுபவருக்கும் உரிய கூலியும் தொழிற்சங்க உரிமையும் வேண்டும். சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்போம். நாளை கோப்பை கொண்டுவரப்போகிறவன் அந்தப் பிள்ளைகளில் எவன் என்று யார் கண்டார்?

அன்றிரவு தேநீர்க் கடையில் விடைபெற எழுந்தோம். கேள்வி கேட்ட தோழரின் மகன், பத்து வயதிருக்கும், அப்பனைத் தேடி வந்தான். நம் கையிலிருந்த தோல்பையைப் பார்த்ததும், “குடுங்க மாமா, நான் தூக்கியாறேன்” என்று ஓடிவந்தான். அன்புக்குக் குறைவில்லை. தந்தை சிரித்தார். நாம் பையைக் கொடுக்கவில்லை.

“வேணாம் தம்பி, உங்க அப்பா, தாத்தா எல்லாரும் நிறையச் சுமந்தாச்சு. நீ போய் ஆடு.”

சிறுவன் சிரித்துக்கொண்டே ஓடினான். அந்தத் தந்தையின் கண் மட்டும் சற்றே கலங்கியது. அவருடைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று எண்ணுகிறோம்.

சுமந்தது போதும், தோழர்களே! இனி நம் பிள்ளைகள் கோலைப் பிடிக்கட்டும்!